கடலுக்குள் எதிரொலி கேட்ட தொழிற்பள்ளி மாணவர்

(பால் லாஞ்செவின், 1872 – 1946)



நம்ம மின்னணுவியல் ஆய்வக அலமாரியில் இரண்டு வெள்ளிக் கண் வைத்த ஒரு சின்ன நீலப் பலகை இருக்கும். எச்.சி.-எஸ்.ஆர்.04 என்று பெயர். ப்ராஜெக்ட் காலம் வந்துவிட்டால் அதற்கு ஏகக் கிராக்கி. பார்வையற்றோருக்கான கைத்தடி, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டம் காட்டும் கருவி, பின்னால் வண்டி வந்தால் பீப் என்று கத்தும் கருவி, எதைச் செய்தாலும் அந்த இரண்டு கண்கள்தான். ஒரு கண் கத்தும், இன்னொரு கண் கேட்கும். போன சத்தம் திரும்பி வர ஆன நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடும்.

அந்தக் கண்ணுக்குள் இருப்பது ஒரு சின்ன பீங்கான் வில்லை. மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். அதிர்ந்தால் மின்சாரம் கொடுக்கும். இந்த இரட்டைக் குணத்தைக் கடலுக்குள் இறக்கி, மீயொலியை அனுப்பவும் வாங்கவும் முதன்முதலில் பயன்படுத்திக் காட்டியவர் யார்? பாரிஸ் நகரத்துத் தொழிற்பள்ளி மாணவர் ஒருவர். நம்மைப் போலவே கையில் கருவி பிடித்துப் படித்தவர். பெயர் பால் லாஞ்செவின். அவருடைய வாழ்க்கையை நம் ஆண்டு மலரில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஏன் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

தொழிற்பள்ளியில் கிடைத்த ஆசான்

1872 ஜனவரி 23 அன்று பாரிஸில் மோன்மார்த்ர் என்னும் பகுதியில் லாஞ்செவின் பிறந்தார். செல்வக் குடும்பம் கிடையாது. அப்பாவுக்குக் கட்டட வேலைகளை அளவெடுத்துச் சரிபார்க்கும் தொழில். மகன் படிப்பில் சூரன். ஆனால் அந்தக் காலத்துப் பிரான்சில் பெரிய படிப்புக்குப் போகிறவர்கள் வேறு வகையான பள்ளிகளிலிருந்து வந்தார்கள். லாஞ்செவின் 1888ஆம் ஆண்டு, தம் 16ஆம் வயதில் சேர்ந்தது பாரிஸ் நகராட்சி நடத்திய தொழில்துறை இயற்பியல், வேதியியல் பள்ளியில். 1882இல்தான் அது தொடங்கப்பட்டிருந்தது. தொழிற்சாலைகளுக்குத் தேவையான ஆட்களைத் தயார் செய்வதே அதன் நோக்கம். புத்தகப் பாடத்தை விட லேபுக்கு அங்கே அதிக மதிப்பு.

அந்த லேபைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் யார் தெரியுமா? பியரி கியூரி! பின்னாளில் மேரி கியூரியின் கணவராகி, நோபல் பரிசு பெற்ற அதே பியரி கியூரிதான். 1880ஆம் ஆண்டு அவரும் அவர் அண்ணன் ழாக்கும் சேர்ந்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றும். இதைத்தான் நாம் பீசோ மின்விளைவு என்று படிக்கிறோம். மின்சாரம் கொடுத்தால் படிகம் சுருங்கி விரிய வேண்டும் என்று 1881இல் லிப்மான் கணித்தார். கியூரி சகோதரர்கள் அதையும் சோதித்து உறுதி செய்தார்கள். ஆனாலும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஆய்வக அளவுக் கருவிகளோடு நின்றுபோனது. வெளி உலகத்துக்கு அதனால் பெரிய உபயோகம் எதுவும் வரவில்லை.

அந்த விதை லாஞ்செவின் மனத்தில் விழுந்த இடம் இந்தத் தொழிற்பள்ளி லேப்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், மேலே படி என்று ஊக்கப்படுத்தியவரும் பியரி கியூரியே. பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் நார்மல் கல்விக்கூடத்தின் நுழைவுத் தேர்வில் லாஞ்செவின் முதலிடம் பெற்று 1894இல் அங்கே சேர்ந்தார். நம்ம பாஷையில் சொன்னால் லேட்டரல் என்ட்ரி மாதிரி! அங்கிருந்து இங்கிலாந்தின் கேவண்டிஷ் ஆய்வகத்துக்குப் போய், எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்சனிடம் வேலை பழகினார். 1902இல் அயனியான வாயுக்களைப் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம். 1905இல் காந்தப் பொருள்களின் குணத்துக்கு அவர் தந்த விளக்கம் இன்றும் இயற்பியல் புத்தகங்களில் அவர் பெயரோடு இருக்கிறது.

இவ்வளவு உயரம் போனவர் பழைய பள்ளியை மறந்தாரா என்றால், இல்லை. பியரி கியூரி பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அவர் விட்ட இடத்தில், அதே தொழிற்பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பி வந்தார். மறுபக்கம் பிரான்சின் மிக உயர்ந்த கல்விமேடையான கொலேஜ் து பிரான்ஸில் விரிவுரை. இரண்டையும் சேர்த்தே சுமந்தார். 1906இல் பியரி கியூரி பாரிஸ் தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். 1911இல் மேரி கியூரியோடு லாஞ்செவின் பெயரைச் சேர்த்துப் பாரிஸ் பத்திரிகைகள் பெரும் புயலையே கிளப்பின. அந்தப் புயலையும் தாண்டித்தான் அவர் தம் வேலையைத் தொடர வேண்டியிருந்தது.

கடல் கேட்ட கேள்வி

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி 1,500 பேருக்கு மேல் மாண்டார்கள். இருட்டில், தண்ணீருக்குள் இருப்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியது. கேள்வி இன்னும் கூர்மையானது. ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கின. தண்ணீருக்குள் மைக்ரோபோன் இறக்கி என்ஜின் சத்தத்தைக் கேட்கலாம்தான். ஆனால் நீர்மூழ்கி என்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா கிடந்தால் என்ன செய்வது? சத்தம் போடாத ஒன்றைக் கேட்பது எப்படி?

வழி ஒன்றுதான். நாம் சத்தம் கொடுக்க வேண்டும். அது எதிரொலித்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் ரேடியோ அலை ஆகாது? உப்புத் தண்ணீர் அதைக் கொஞ்ச தூரத்திலேயே விழுங்கிவிடும். வெளிச்சமும் அப்படித்தான். ஒலி மட்டும் கடலில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் வெகுதூரம் போகும். சரி, சாதாரணச் சத்தம் ஏன் போதாது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ ஹெர்ட்ஸ் சத்தத்துக்குக் கடலில் அலைநீளம் 1.5 மீட்டர். அது நாலா பக்கமும் பரவிவிடும். டார்ச் லைட் மாதிரி ஒரே திசையில் அனுப்ப வேண்டுமானால், அனுப்பும் முகம் அலைநீளத்தைப் போலப் பல மடங்கு அகலம் இருக்க வேண்டும். 40 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 3.75 சென்டிமீட்டர்தான். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு ஒன்றே ஏறக்குறைய 13 டிகிரி அரைக்கோணத்துக்குள் கற்றையை அடக்கிவிடும். அதே கற்றையை 1 கிலோ ஹெர்ட்ஸில் பெற எட்டு மீட்டர் விட்டத்துக்குத் தட்டு வேண்டும்! கப்பலில் எங்கே கட்டுவது? ஆகவே காதுக்குக் கேட்காத மீயொலியே தீர்வு.

இந்த மீயொலி யோசனையை 1915இல் பிரெஞ்சு அரசுக்கு எழுதி அனுப்பியவர் கான்ஸ்டன்டின் சிலோவ்ஸ்கி என்னும் ரஷ்யப் பொறியாளர். பரிசீலிக்கும் பொறுப்பு லாஞ்செவினிடம் வந்தது. யோசனை நல்ல யோசனை. ஆனால் சிலோவ்ஸ்கி சொன்ன காந்த முறை சரிப்படாது என்று லாஞ்செவின் கண்டார். ஒலி எழுப்ப வேறு முறையை எடுத்துக்கொண்டு, இருவருமாக வேலையைத் தொடங்கினார்கள். 1916இல் விண்ணப்பித்த காப்புரிமையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இனி வருவதுதான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பகுதி.

முதல் அமைப்பில் ஒலி எழுப்பியது ஒரு மைக்கா மின்தேக்கி. மெல்லிய மைக்காத் தகட்டின் ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் தண்ணீர். உயர் அதிர்வெண் மின்னழுத்தம் கொடுத்தால் தகடு துடிக்கும். கேட்பதற்குக் கரித்தூள் மைக்ரோபோன். முதலில் பள்ளி ஆய்வகத் தொட்டி. அங்கே சரிவந்ததும் பாரிஸ் நடுவே ஓடும் செய்ன் ஆறு. ஆற்றிலும் சரிவந்ததும் தெற்கே துலோன் கடற்படைத் துறைமுகம். பாருங்கள், தொட்டி, ஆறு, கடல் என்று படிப்படியாகத்தான் போனார். 1916இல் துலோனில் ஒரு வழியாக 2 கிலோமீட்டர் வரை சமிக்ஞை போய்ச் சேர்ந்தது. 200 மீட்டர் தூரத்தில் தண்ணீருக்குள் தொங்கவிட்ட இரும்புத் தகட்டிலிருந்து எதிரொலியும் கிடைத்தது.

நல்ல ஆரம்பம்தான். ஆனால் போதாது. எந்த உறுப்பு பலவீனம்? கரித்தூள் மைக்ரோபோன். ஒரு நேரம் நன்றாகக் கேட்கும், ஒரு நேரம் கேட்காது. அதை நம்பி அளவெடுக்க முடியவில்லை. இந்த நேரத்தில் பிரெஞ்சு ராணுவத் தந்திப் பிரிவு, வால்வு வைத்த நல்ல பெருக்கிகளைத் தயாரித்திருந்தது. மிகச் சிறிய சமிக்ஞையையும் இனிப் பெருக்கிவிடலாம். அப்படியானால் மிகச் சிறிய மின்னூட்டம் தரும் ஒரு பொருளையும் காதாகப் பயன்படுத்தலாமே! இருபது வருஷத்துக்கு மேல் மனத்தின் அடியில் கிடந்த பாடம் அப்போது மேலே வந்தது. பியரி கியூரியின் குவார்ட்ஸ்!

பெரிய குவார்ட்ஸ் படிகத்துக்கு எங்கே போவது? பாரிஸில் கண்ணாடி வில்லைகள் செய்யும் வெர்லைன் என்பவரிடம் ஒரு பெரிய படிகம் இருந்தது. அதிலிருந்து 10 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 1.6 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு அறுத்து வாங்கினார் லாஞ்செவின். 1917இல் மைக்கா அனுப்பியை அப்படியே விட்டுவிட்டுக் காதை மட்டும் மாற்றினார். விளைவு? 2 கிலோமீட்டர் 6 கிலோமீட்டர் ஆனது.

அடுத்த மாற்றம் வாய். கேட்கத் தெரிந்த குவார்ட்ஸுக்குப் பேசவும் தெரியுமே! அதே துண்டை அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில், சுமார் 150 கிலோ ஹெர்ட்ஸில் இயக்கினார். தொட்டியில் இருந்த சின்ன மீன்கள் கற்றையின் குறுக்கே வந்ததும் செத்து மிதந்தன. தண்ணீருக்குள் கை விட்டவர்களுக்குச் சுரீர் என்று வலித்தது. காதுக்குக் கேட்காத சத்தத்துக்கு அவ்வளவு வலிமை.

இங்கே ஒரு சிக்கல். அதிர்வெண் கூடக் கூடக் கடல் நீர் ஒலியை அதிகமாக உறிஞ்சும். வெகுதூரம் போக வேண்டுமானால் 40 கிலோ ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்க வேண்டும். அதற்குக் குவார்ட்ஸ் மட்டும் என்றால் 7 சென்டிமீட்டர் கனம் தேவை. அவ்வளவு பெரிய குறையில்லாத படிகம் யார் தருவார்கள்? கிடைத்தாலும் அத்தனை கனத்துக்கு வேண்டிய வோல்டேஜ் பயங்கரமாக இருக்கும்.

லாஞ்செவின் கண்ட வழியைப் பாருங்கள், ஒர்க்‌ஷாப் மூளை என்றால் இதுதான்! 4 மில்லிமீட்டர் கனமுள்ள சின்னச் சின்னக் குவார்ட்ஸ் துண்டுகளைத் தரை ஓடு பதிப்பது மாதிரி வட்டமாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். மேலே 3 சென்டிமீட்டர் எஃகுத் தட்டு, கீழே 3 சென்டிமீட்டர் எஃகுத் தட்டு. மூன்றும் சேர்ந்து ஒரே உடலாக அதிரும். எஃகில் ஒலி வேகம் குவார்ட்ஸில் உள்ள வேகத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால் மொத்தக் கனம் 6.4 சென்டிமீட்டருக்கு அதிர்வெண் 40 கிலோ ஹெர்ட்ஸ் பக்கத்தில் வந்துவிட்டது. வோல்டேஜ் கொடுக்க வேண்டியது நடுவில் உள்ள 4 மில்லிமீட்டருக்கு மட்டும்தான். 7 சென்டிமீட்டரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு. பெரிய படிகமும் வேண்டாம், பயங்கர வோல்டேஜும் வேண்டாம்!

1918 தொடக்கத்தில் இந்தச் சாண்ட்விச் அமைப்பு ஒரு வழியாக 8 கிலோமீட்டர் பேசியது. அத்துடன் துலோன் கடலில் நீர்மூழ்கி ஒன்றிலிருந்து தெளிவான எதிரொலி முதன்முதலாகக் கிடைத்தது. பிரான்ஸ் தன் முடிவுகளை நட்பு நாடான பிரிட்டனோடு பகிர்ந்துகொண்டது. அங்கே ராபர்ட் பாயில் குழு குவார்ட்ஸ் வேலையைத் தொடர்ந்தது. ஆனால் கருவி கப்பல்களில் ஏறும் முன் 1918 நவம்பரில் போர் முடிந்துவிட்டது. 1920களில் கடல் ஆழம் அளக்கும் கருவியாக அது அமைதிக் கால வேலைக்கு வந்தது. இன்று நம்ம கடற்கரையோர விசைப்படகுகளில் மீன் கூட்டத்தைக் காட்டும் எக்கோ சவுண்டர் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

நம்ம மேசையில் அதே சோதனை

சரி, இதில் நமக்கு என்ன? மைக்ரோ கன்ட்ரோலர் போர்டு ஒன்றை வைத்து மீயொலி டிரான்ஸ்டியூசரைச் சோதிக்கும்போது, லாஞ்செவின் துலோனில் வைத்திருந்த அத்தனை உறுப்புகளும் நம் பிரெட்போர்டில் இருக்கின்றன. மைக்காவும் எஃகும் போய்ப் பீங்கான் வில்லை வந்தது. வால்வு போய் ஐ.சி. வந்தது. முறை மாறவில்லை.

ஒன்று, இணைப்பு. எச்.சி.-எஸ்.ஆர்.04 பலகைக்கு நாலு கால்: 5 வோல்ட், டிரிக்கர், எக்கோ, கிரவுண்ட். அர்டுயினோ ஊனோ போர்டு என்றால் நேரடியாகக் கொடுக்கலாம். ஈ.எஸ்.பி.32 போர்டின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. எனவே எக்கோ காலிலிருந்து வரும் 5 வோல்ட்டை 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வைத்துப் பிரித்துக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டு, சமிக்ஞை. டிரிக்கர் காலுக்கு 10 மைக்ரோ நொடி துடிப்பு கொடுத்தால் பலகை 40 கிலோ ஹெர்ட்ஸில் எட்டு அலைகளை அனுப்பும். எதிரொலி வரும்வரை எக்கோ கால் உயர்ந்து நிற்கும். அந்த நேரத்தை மைக்ரோ நொடியில் எடுத்து 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர். போக ஒரு தரம், வர ஒரு தரம் என்பதால் பாதிக் கணக்கு அந்த 58க்குள்ளேயே இருக்கிறது. அடுத்த துடிப்புக்கு முன் 60 மில்லி நொடி விடுங்கள். இல்லையென்றால் பழைய எதிரொலி புதியதோடு கலந்து குழப்பும்.

மூன்று, இலக்கு. துலோனில் இரும்புத் தகடு மாதிரி நமக்கு ஒரு தட்டையான அட்டை. முதலில் நேராக வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்துக்கு மேல் எதிரொலி வேறு பக்கம் போய்விடும். அட்டைக்கு மேல் துண்டைப் போர்த்திப் பாருங்கள். துணி ஒலியை உறிஞ்சுவது தெரியும். ரொம்பக் கிட்டே, 2 சென்டிமீட்டருக்குள் வைத்தால் அளவு சரியாக வராது. அனுப்பிய கண்ணின் அதிர்வு அடங்கும் முன்பே எதிரொலி வந்துவிடுகிறது, அதுதான் காரணம்.

நான்கு, ஒத்ததிர்வு. தனியாக வாங்கிய டிரான்ஸ்டியூசர் ஜோடி இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றை ஃபங்ஷன் ஜெனரேட்டரிலும் மற்றதை சி.ஆர்.ஓ.விலும் மாட்டி, எதிரெதிரே வைத்து, 35இலிருந்து 45 கிலோ ஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்துங்கள். 40க்குப் பக்கத்தில் அலை சட்டென்று உயர்ந்து பிறகு படுத்துவிடும். லாஞ்செவின் எஃகையும் குவார்ட்ஸையும் சேர்த்துத் தேடிய உச்சி அதுதான்.

ஐந்து, வெப்பநிலை. காற்றில் ஒலி வேகம் 20 டிகிரியில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். 35 டிகிரியில் சுமார் 352. நம்ம ஊர் வெயிலில் 58ஆல் மட்டும் வகுத்துக்கொண்டிருந்தால் ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் தவறிப்போகும். வெப்பநிலையையும் அளந்து திருத்தினால் வைவாவில் தைரியமாக நிற்கலாம்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. அளவு சரியாக வரவில்லை என்றதும் வயரையும் புரோகிராமையும் சென்சாரையும் ஒரே மூச்சில் மாற்றினால், எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. லாஞ்செவின் காதை மாற்றியபோது வாயைத் தொடவில்லை. அதனால்தான் 2 கிலோமீட்டர் 6 ஆனது யாரால் என்று அவருக்குத் தெரிந்தது.

சிறையும் விடுதலையும்

கருவி செய்தவர் கருவியோடு நின்றுவிடவில்லை. 1920களின் நடுவில் தாம் படித்த தொழிற்பள்ளிக்கே இயக்குநரானார். அவரிடம் ஆராய்ச்சி செய்த லூயி து பிராய் என்ற இளைஞர், துகளும் அலையாக நடக்கும் என்று 1924இல் எழுதிய ஆய்வேட்டைத் தம் நண்பர் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பி வைத்தவர் லாஞ்செவின்தான். அந்த இளைஞருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஐரோப்பாவில் பாசிசம் தலையெடுத்தபோது லாஞ்செவின் வாய் மூடி இருக்கவில்லை. 1934இல் பாசிச எதிர்ப்பு அறிவாளர் குழு அமைத்தவர்களில் ஒருவர். 1940இல் ஜெர்மானியப் படை பாரிஸைப் பிடித்தது. அக்டோபர் 30 அன்று 68 வயது முதியவரான அவரைக் கைது செய்து சான்ட்டே சிறையில் அடைத்தார்கள். நவம்பர் 8ஆம் தேதி, ஆக்கிரமிப்புப் படையின் துப்பாக்கிகளுக்கு நடுவே, பாரிஸ் மாணவர்கள் தங்கள் ஆசிரியருக்காகத் தெருவில் கூடினார்கள். மாணவர் பேரவை மலரில் இந்த வரியை எழுதும்போது பெருமையாக இருக்கிறது.

ஒரு மாதத்துக்கு மேல் சிறை. பிறகு துருவா என்ற ஊரில் வீட்டுக் காவல். பதவிகள் பறிபோயின. அதைவிடக் கொடிய அடிகள் குடும்பத்தின் மேல் விழுந்தன. மருமகன் ழாக் சாலமன், அவரும் இயற்பியலாளர், 1942 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள் எலென் 1943இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவர் உயிரோடு மீண்டது பெரும் பேறு. 1944இல் லாஞ்செவின் எல்லை தாண்டி ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பினார். பாரிஸ் விடுதலையான பின் திரும்பி வந்து மறுபடியும் தம் தொழிற்பள்ளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

கைக்கும் மூளைக்கும் ஒரே மதிப்பு

போர் முடியும் தறுவாயில் பிரான்சின் கல்வியை மாற்றி அமைக்க ஒரு குழு போட்டார்கள். தலைமை லாஞ்செவின். அவருக்குப் பின் உளவியலாளர் ஆன்றி வாலோன். 1947இல் வெளிவந்த அந்தக் குழுவின் திட்டம் இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்றது. கைத்தொழில், தொழில்நுட்பம், அறிவுத்துறை எல்லாப் பணிகளுக்கும் சமமான மதிப்பு வேண்டும் என்றது. திட்டம் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் பிரான்சில் கல்வி பற்றிய பேச்சில் அது நெடுங்காலம் நிலைத்து நின்றது.

அதை எழுதியது வெறும் கருணை என்று நினைக்காதீர்கள். அது அவருடைய சொந்தக் கணக்கு. லேபில் கை வைத்துப் படிக்காதிருந்தால் குவார்ட்ஸ் நினைவுக்கு வந்திருக்காது. எஃகுத் தட்டின் குணம் தெரியாதிருந்தால் சாண்ட்விச் பிறந்திருக்காது. சூத்திரமும் ஸ்பேனரும் ஒரே மனிதரிடம் இருந்ததால்தான் கடல் பேசியது.

1946 டிசம்பர் 19 அன்று லாஞ்செவின் காலமானார். 1948 நவம்பரில் அவருடைய உடல் எச்சம், நாட்டின் பெருமக்கள் உறங்கும் பாந்தியோனுக்கு இயற்பியலாளர் ழான் பெரனோடு சேர்த்து மாற்றப்பட்டது. அவர் பெயரோ இன்றும் ஒர்க்‌ஷாப்களில் வாழ்கிறது. பிளாஸ்டிக் ஒட்டும் மீயொலி வெல்டிங் இயந்திரத்திலும், உதிரி பாகங்களைச் சுத்தம் செய்யும் மீயொலித் தொட்டியிலும் உள்ளே இருப்பது இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே பீசோ பீங்கானை வைத்து போல்ட்டால் இறுக்கிய அமைப்பு. அதற்கு இன்றும் லாஞ்செவின் டிரான்ஸ்டியூசர் என்றே பெயர்.

தோழர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். டிப்ளமோதானே என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் தலை குனியத் தேவையில்லை. அடுத்த முறை லேபில் அந்த நீலப் பலகையைக் கையில் எடுக்கும்போது அதன் இரண்டு கண்களையும் ஒரு நிமிஷம் பாருங்கள். தொழிற்பள்ளி மேசையில் கற்ற பாடத்தைக் கடலடி வரை கொண்டுபோனவர் ஒருவர் இருந்தார். மேசை நமக்கும் இருக்கிறது. பாடமும் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றமாகச் செய்து பார்ப்போம், வாருங்கள்!

— இரண்டாம் ஆண்டு மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை